நான் வாசிக்காமல் விட்ட ஓலை

எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர். பெனடிக்டைன் சிஸ்டர்ஸ் என்று சொன்னால் இங்கே சிலருக்குச் சட்டென்று விளங்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டிலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்தால் எங்கள் வாடகை வீடு வந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து முறை மணி அடிப்போம். மணி அடித்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அடுப்பில் பருப்பு இருந்தால் மட்டும் அணைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்களோ என்று முதல் மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அந்த வீட்டு அம்மா மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நேத்து மத்தியானம் ஏன் மணி அடிக்கல சிஸ்டர்? அத வச்சுத்தான் நான் மருந்து சாப்பிடுறேன் லா," என்று கோபித்துக்கொண்டார். அதன்பிறகு நாங்கள் ஒரு மணியும் தவறவிட்டதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது தோ பாயோவில். ஆனால் சபையில் சேர்ந்தபின் பதினாறு வருடம் தமிழ்நாட்டில், மழையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமான ஊர்களில் பங்குப்பணி செய்தேன். ஒரு பங்குக்கோயிலுக்கு ஏழு கிளைக் கிராமம், எனக்கு ஒரு பழைய ஸ்கூட்டர். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவேன், குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் புருஷன்மார்களைத் திட்டுவேன். மூன்றாவது வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அங்கே என்னைச் 'சிங்கப்பூர் சிஸ்டர்' என்பார்கள். பிறகு, சிங்கப்பூரில் ஒரு பங்கின் தமிழ்ப் பூசைக்கு உதவ ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிராமத்தை விட்டுப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் பெட்டி கட்டினேன். கீழ்ப்படிவோம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அழலாம், அடம்பிடிக்க முடியாது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம் நடந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஸ்கூட்டரில் தேடித் தேடிப் போன கிராமமெல்லாம் பஸ் பிடித்து இங்கே வந்திருந்தது. துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்தும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் வந்த ஆட்கள், அதே நெற்றி, அதே குரல், அதே "எந்த ஊரு சிஸ்டர்?" மத்தியானத் தமிழ்ப் பூசைக்கு இருநூறு பேர் உட்காருவார்கள். முன்வரிசையில் உள்ளூர்க் குடும்பங்கள், பின்வரிசைகளில் இவர்கள். இவர்கள் என்னை 'ஊரு சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு இடத்திலும் எனக்கு அடுத்த ஊர் பெயர்தான் கிடைத்தது.

அந்தப் பூசையில் ஓலை வாசிப்பது என் வேலை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மாப்பிள்ளை பெண் இருவர் பெயரையும் அவரவர் தாய் தகப்பன் பெயரோடு கோயிலில் மூன்று முறை சத்தமாக வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று கடைசியில் கேட்பார்கள். எந்தக் காலத்திலோ ஓலையில் எழுதி வாசித்திருக்க வேண்டும், இப்போது காகிதம்தான். இங்கே மற்ற பூசைகளில் அறிவிப்புத் தாளில் அச்சடித்து ஒட்டிவிடுவதோடு சரி. தமிழ்ப் பூசையில் மட்டும் நான் விடாப்பிடியாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பட்டறையில் வெல்டராக இருக்கும் ஒரு தம்பி பூசைக்குப் பின் வந்து நின்றார். இருபத்தொன்பது வயது, பேச்சு குறைவு. ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை ஆறு வருடமாக வெளிநாட்டில் இருப்பதால், அங்கேயும் மூன்று ஓலை வாசித்து, தடை எதுவும் இல்லை என்று கடிதம் வாங்கி வந்தால்தான் கல்யாணம் செய்துவைப்பேன் என்று ஊர்ச் சாமியார் சொல்லிவிட்டாராம். வெளிநாட்டில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த ஊரில் வந்து இன்னொரு தாலி கட்டிய ஆள் ஒருவர் முன்பு இருந்திருக்கிறார். அதிலிருந்து சாமியார் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

"எத்தன நாள் லீவு தம்பி?"

"ரெண்டு வாரம் சிஸ்டர். மூணாவது ஞாயித்துக்கிழம சாயந்தரம் ஃப்ளைட்டு. செவ்வாக்கிழம கல்யாணம். புதன்கிழம சாம்பல் புதன்."

செவ்வாயில் யாராவது கல்யாணம் வைப்பார்களா என்று கேட்காதீர்கள், அந்த ஊருக்குச் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நாள். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் பெருநாள் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் இவருடைய லீவு முடிந்துவிடும், அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் ஆகும். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம் இது. இன்னொரு முறை தள்ளிப்போனால் பெண் வீட்டில் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆக, மூன்று ஞாயிறு, மூன்று ஓலை, ஒன்றுகூடத் தவறக்கூடாது. "கவலப்படாதீங்க தம்பி, என் பொறுப்பு," என்றேன். அந்த வார்த்தையை நானேதான் சொன்னேன்.

முதல் ஞாயிறு வாசித்தேன். காலஞ்சென்ற இன்னாரின் மகன் இன்னாருக்கும் என்று வரும்போது தற்செயலாகப் பின்வரிசையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார். சும்மா கண்கலங்கல் இல்லை, தோள் குலுங்கும் அழுகை. பூசை முடிந்ததும் டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

எனக்கு அது சந்தேகமாகப் பட்டது. ஏனென்றால் ஓலை வாசிக்கும்போது அழுத இன்னொரு ஆளை எனக்குத் தெரியும். அது நான்தான்.

எனக்கு இருபத்தேழு வயதில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கிளமெண்டிக்காரர், ஆசிரியர், குறை சொல்ல இடமில்லாத மனிதர். இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப்போட்டாகிவிட்டது. இந்த ஊரில் அதுவே பாதிக் கல்யாணம். அதற்குமுன் விடுமுறையில் தமிழ்நாடு போனபோது ஆசீர்வாதப்பர் சபை மடம் ஒன்றில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அந்தச் சிஸ்டர்கள் காலையில் பாடிய சங்கீதம் அதன்பிறகு என்னைவிட்டுப் போகவே இல்லை. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தால்கூட உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை என் பெயர் சத்தமாகக் காதில் விழுந்தது. தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரின் அறைக்குப் போய், "ஃபாதர், ஒரு தட இருக்கு. நான்தான்," என்றேன். அம்மா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. கிளமெண்டிக்காரர் மட்டும் வந்து, "இப்பவாவது சொன்னியே," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இப்போது மூன்று பிள்ளைகள், மூத்த பெண்ணின் பிறந்தநாள் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். கட்டாயக் கல்யாணம் என்று முடிவே செய்துவிட்டேன். அன்று மாலையே போன் போட்டேன்.

"தம்பி, இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு விருப்பம்தானா?"

"சரி சிஸ்டர்."

"வீட்டுல யாரும் வற்புறுத்தலியே?"

"சரி சிஸ்டர்."

"ஏதாவது மனசுல இருந்தா தயங்காம சொல்லுங்க."

"சரி சிஸ்டர்."

எந்தக் கேள்விக்கும் சரி என்று பதில் சொல்லும் ஆளைப் பதினாறு வருடம் பார்த்தவள் நான். பின்னால் பட்டறைச் சத்தம், அவருக்கு நான் பேசியது பாதி கேட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. இரண்டாம் ஞாயிறு அவர் பூசைக்கே வரவில்லை. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஓலைத்தாளை எடுத்தேன், பார்த்தேன், திரும்பக் கோப்பில் வைத்தேன். வாசிக்கவில்லை. பொடியன் தப்பித்துக்கொள்ள நான் ஒரு வழி விட்டிருக்கிறேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை அவர் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, கடிதத்தை மடங்காமல் வைக்க வாங்கியதாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், அதனால் வர முடியவில்லை, ரெண்டாவது ஓலை நல்லபடியா வாசிச்சாச்சா சிஸ்டர் என்று கேட்டார்.

"வாசிக்கல," என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்து உட்காரவில்லை, பக்கத்திலிருந்த பாட்டுப் புத்தக மூட்டையின்மேல் உட்கார்ந்தார். நானேதான் சொன்னேன். நீங்கள் அழுததைப் பார்த்தேன், கல்யாணம் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன் என்றேன்.

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பிடிக்காம என்ன சிஸ்டர், ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணோட தெனம் போன்ல பேசிட்டிருக்கேன். நான் அழுதது அதுக்கில்ல. யார்டுல நான் ஒரு நம்பர். தங்குற டார்ம்லயும் நம்பர். சூப்பர்வைசர் 'ஓய்'ம்பார். இங்க வந்து ஆறு வருஷத்துல என் பேர யாரும் முழுசா சொன்னதில்ல. அன்னிக்கி நீங்க மைக்குல என் பேரச் சொல்லி, எங்கப்பா பேரச் சொல்லி, அவரு மகன்னு வாசிச்சீங்க. அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சு சிஸ்டர். அடக்கத்துக்கு என்னால போக முடியல. இத்தன பேருக்கு நடுவுல அவரு பேரு கேட்டதும் தாங்கல."

வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் அப்பாவுக்காக அழுதிருக்கிறார், நான் அதில் என் பழைய கதையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு வந்த கோபமெல்லாம் என்மேலேயே வந்தது.

அழுதால் வேலை நடக்காது என்பதால் உடனே ஊர்ச் சாமியாருக்குப் போன் போட்டேன். இரண்டாம் ஓலையை ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் வாசித்தால் ஏற்பாரா என்று கேட்டேன். "பெருநாள் பூசையா இருந்தா சரி. கூட்டம் இருக்கணும் சிஸ்டர். நாலு பேர் இருக்குற பூசையில வாசிச்சிட்டு எனக்குக் கடிதம் அனுப்பாதீங்க," என்றார் அவர், கறாராக.

சனிக்கிழமை சீனப் புத்தாண்டு. அன்று காலைப் பூசைக்கு எங்கள் கோயிலில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அது ஆங்கிலமும் மாண்டரினும் கலந்த பூசை. எங்கள் பங்குத்தந்தை சீனர். அவரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், யூ ஆர் நாட் த போலீஸ் லா," என்றார். பிறகு, "கேன். பட் யூ ரீட்," என்றார். நான்தான் வாசிக்க வேண்டுமாம், அவரால் அந்தப் பெயர்களைச் சொல்ல முடியாதாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் குற்ற அறிக்கை. வாரத்தில் செய்த தவறை மற்ற இருவர் முன்னால் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும். வழக்கமாக என் பட்டியல் எரிச்சல், அவசரம், மறுபடியும் எரிச்சல் என்று போகும். அன்று இதைச் சொன்னேன். எங்கள் வீட்டுத் தலைவி, மதர் என்று கூப்பிடுவோம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேரை யார் முன்னால வாசிக்காம விட்டீங்களோ, அவங்க முன்னால அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றார். ஐம்பது ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை கோயில் முழுக்கச் சிவப்பு. பட்டறைக்கு விடுமுறை என்பதால் தம்பியும் இரண்டு கூட்டாளிகளோடு வந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தூண் ஓரமாக நின்றார். நற்கருணைக்குப் பின் ஆங்கிலத்தில் ஓலை வாசித்தேன். அவர் பெயரையும், அப்பா பெயரையும், ஊர்ப் பெயரையும் மட்டும் நிறுத்தி நிதானமாக, தமிழ் உச்சரிப்பு ஒன்றும் குறையாமல் சொன்னேன். இந்த மாதிரி அறிவிப்பைக் கேட்டே பழகாத கூட்டம் அது. கல்யாண மாப்பிள்ளை இங்கேதான் நிற்கிறார் என்று பங்குத்தந்தை கையைக் காட்டியதும் கை தட்டிவிட்டார்கள். பூசை முடிந்து, மந்திரித்த ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய், புத்தாண்டு வழக்கப்படி இரண்டிரண்டு பழம் கொடுத்தார்கள். சிவப்பு உடுப்புப் போட்ட ஓர் ஆண்ட்டி அவர் பெயரைச் சொல்லிப் பார்த்துத் திணறி, மறுபடி சொல்லச் சொல்லி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னபிறகுதான் பழத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேராலும் பிடிக்க முடியாத அளவுக்குப் பழம் சேர்ந்துவிட்டது. "ஃப்ளைட்டுல இத ஏத்துவாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்து நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் ஓலை. தமிழ்ப் பூசையில் அன்று முன்வரிசைகள் காலி, உள்ளூர்க் குடும்பங்கள் நண்பர்கள் வீட்டு விருந்துகளுக்குப் போயிருந்தார்கள். பின்வரிசை ஆட்கள் எல்லாரும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் தம்பி நேராக விமான நிலையம் போகப் பெட்டியோடு வந்திருந்தார். கடிதத்தை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன், பங்குத்தந்தையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மைக் முன்னால் நின்றேன். கிராமங்களில் எத்தனையோ பேரைத் திட்டிய வாய்க்கு அன்று வேறு வேலை.

"போன வாரம் வாசிக்க வேண்டிய ஓலையை நான் வாசிக்கவில்லை. மறந்துபோகவில்லை. வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டேன். ஒருவரைப் பற்றி நானாக ஏதோ நினைத்துக்கொண்டு அப்படிச் செய்தேன். அவரிடம் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய கல்யாணம் என்னால் நின்றுபோயிருக்கும். உங்கள் எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

தம்பி எழுந்து நின்றார். உட்காருவதா, நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில், "பரவால்ல சிஸ்டர். வாசிங்க, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு," என்றார்.

இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். அவருடைய பங்கு, அவருடைய ஊர், காலஞ்சென்ற அவருடைய அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அவருடைய பெயர். பிறகு பெண்ணின் பெயர். இது மூன்றாம் ஓலை என்றேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அதற்கு யாரும் பதில் சொல்கிற வழக்கமில்லை. ஓலை வாசித்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். அன்று பின்னாலிருந்து யாரோ ஒருவர், "இல்ல சிஸ்டர்!" என்று கத்தினார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு அத்தனை வரிசையும், பட்டறையில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் அந்தப் பெரிய குரலில், "இல்ல! இல்ல!" என்றது. அதோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள், முழுப் பெயரையும்.

அவர் அழுதார். நானும் அழுதேன். அதற்கு நான் ஒரு காரணமும் தேடவில்லை. கையெழுத்து வாங்கிய கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் நானே வைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கல்யாணம் நடந்தது.